மூன்று தலையணை ஒன்றான கதை

குன்னம்,
புதன்கிழமை.

அன்பு மகன் தமிழழகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். நலம் என்று எழுதாமல் உயிரோடு என்று எழுதியிருக்கிறாளே என்று புருவத்தைத் தூக்காதே, முழுக்கப் படி, புரியும். போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று கேட்பாய். போனில் பேசலாம் என்றால் உங்க அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். தபாலைப் பற்றி அவர் யோசிக்கவில்லை, அந்த அளவுக்குத்தான் அவருடைய சாமர்த்தியம். மெசேஜில் எழுதலாம் என்றால், நான் போனில் தட்டுகிற எழுத்து எங்கெங்கே போய் முளைக்கிறது, அதை யார் யார் மேய்கிறார்கள் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். அதோடு போனில் சொன்னால் நீ என்னைப் பேச விட மாட்டாய். பாதியில் நிறுத்தி, அம்மா செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க என்பாய். காகிதத்துக்குச் செட்டிங்ஸ் கிடையாது. உட்கார்ந்து படி.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ செய்துவிட்டுப் போன பெரிய காரியத்தை ஞாபகப்படுத்துகிறேன். தையல் கடைக்கு வருகிறவர்களின் ஜாக்கெட் அளவையெல்லாம் நான் போனில் எழுதி வைப்பதைப் பார்த்துவிட்டு, போன் தண்ணியில விழுந்தா எல்லாம் போயிடும்மா, நான் சிங்க் பண்ணித் தரேன் என்றாய். சிங்க் என்றால் எனக்குத் தெரிந்தது பாத்திரம் கழுவுகிற தொட்டிதான் என்றேன், விழுந்து விழுந்து சிரித்தாய். போனில் எழுதினால் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானாக வரும், கம்ப்யூட்டரில் எழுதினால் போனில் தானாக வரும், எங்க வேணும்னாலும் எழுதலாம், எங்க வேணும்னாலும் படிக்கலாம் என்று எல்கேஜி பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். எங்கே வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாய். படித்தவன் இல்லையா, சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சொல்லுவாய்.

அப்புறம் சித்திரையில் அப்பாவுக்கு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருச்சியில் காட்டியதற்கு இதயம் வீங்கியிருக்கிறது, ரத்தத்தைத் தள்ளுகிற வேகம் குறைந்திருக்கிறது, கவனிக்காவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். இதுவரை உனக்குத் தெரியும். தினமும் காலையில் எடை பாருங்க, எடை கூடினா அது சதை இல்லை, தண்ணி, காலில் வீக்கம் இருக்கா, ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறார், எல்லாத்தையும் எழுதி வாராவாரம் எனக்கு வாட்சப்ல அனுப்புங்க என்று அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும், அதனால் தலையணை கூடிக்கொண்டே போனால் நிலைமை மோசம் என்று அர்த்தமாம். நானும் ஜாக்கெட் அளவு எழுதுகிற அதே இடத்தில் அப்பா என்று பேர் போட்டு எழுத ஆரம்பித்தேன். நீ விட்டாயா? அந்த நோட்டை எனக்கும் ஷேர் பண்ணும்மா, நானும் இங்கேருந்து பாத்துக்கறேன் என்றாய். பண்ணினேன். பார்த்துக்கொள்கிறேன் என்றவன் பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். முன்பெல்லாம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்காரும்மா என்று கேட்பாய். நோட்டு வந்த பிறகு அதுவும் போயிற்று. ஒரு கட்டைவிரல் படம் வரும். நோட்ல பார்த்தேன், அப்பா சூப்பர் என்று ஒரு வரி வரும். பெற்ற தகப்பனைக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறாய்.

இதற்கு நடுவில் எனக்குப் புரியாத இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, அம்பிகா டீச்சரின் ஜாக்கெட். அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு மயில் கழுத்து நிறப் பட்டு, போனில் பார்த்த அளவுக்குத்தான் வெட்டினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டுப் பார்த்தால் கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. கடையில் எல்லார் முன்னாலும் நின்று, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதாக்கா என்று கேட்டுவிட்டுப் போனாள். என்னைப் பார்த்து! இன்னொன்று, திருச்சியிலிருந்து நீர் பிரிவதற்கான மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மெசேஜ் வந்தது. இவருக்கோ மாடிப்படி இரண்டு ஏறினால் இளைக்கிறது, செருப்புக்குள் கால் நுழையவில்லை. போன் பண்ணிக் கேட்டேன். நர்ஸ் பெண், நீங்க அனுப்புன எடையைப் பார்த்துத்தாம்மா டாக்டர் குறைச்சிருக்காங்க, நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க என்றாள். நான் எழுதியதை நானே திரும்ப வாசிக்கிற வழக்கம் எனக்கு ஏது? அப்படியே அனுப்பிவிடுவேன். டாக்டருக்குத் தெரியாததா என்று மாத்திரையை இரண்டாக உடைத்து இவர் வாயில் போட்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கடையில் கூட்டம் இல்லை. மக்காச்சோளம் அறுப்பு நேரம், யார் துணி தைக்க வருகிறார்கள். அன்றைக்குக் காலையில் இவர் குளித்துவிட்டு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை எழுத விட்டுப்போயிற்றே என்று போனை எடுத்து அந்த நோட்டைத் திறந்தேன். நான் தொடவே இல்லை, எழுத்து தானாக அழிகிறது. மூன்று தலையணை என்று காலையில் எழுதியிருந்தேன், அந்த மூன்று என்கிற எழுத்து பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. அது போன இடத்தில் ஒ என்று வந்தது, கொஞ்சம் பொறுத்து ரு. எழுபத்தாறு என்று இருந்த எடை எழுபத்திரண்டு ஆயிற்று. கால் வீக்கம் என்கிற வரியே போயிற்று. கடைசியில் தூக்கம் நன்ராக உள்ளது என்று ஒரு வரி முளைத்தது. அந்த நன்ராக என்பதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பெரிய றகரம் போட வேண்டிய இடத்தில் சின்ன ரகரம் போடுகிற ஆள் இந்தக் குன்னத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். கல்யாணமான புதிதில் எனக்கு எழுதிய கடிதத்திலேயே நன்ரி நன்ரி என்று எழுதிய மகராசன். மேலே தள்ளித் தள்ளிப் பழைய நாளையெல்லாம் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் ஒரு தலையணை, எடை சரி, மூச்சு சீர். நான் எழுதியது ஒன்றுகூட நான் எழுதியபடி இல்லை. நான் கடைக்குக் கிளம்பியதும் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறேன் என்று உட்காருவாரே, அப்போது நடக்கிற திருவிளையாடல் இது. அந்தத் தடவலில் அம்பிகா டீச்சரின் கை அளவையும் எங்கேயோ தட்டி மாற்றியிருக்கிறார்.

நான் சும்மா இருப்பேனா? அந்த வரிக்குக் கீழேயே, யார் அது என்று தட்டினேன். அங்கே எல்லாம் நின்றுவிட்டது. வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் மூக்குக் கண்ணாடியோடு வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு எழுத்தாக வருகிறது, நான் இல்லை. தமிழழகா, உன் அப்பாவின் அறிவைப் பார். அரசு பஸ்ஸில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு அரியலூருக்கும் திருச்சிக்கும் ஓட்டிய மனிதர், யார் அது என்று கேட்டால் நான் இல்லை என்று பதில் எழுதுகிறார். அங்கேயே இருங்கள், வருகிறேன் என்று எழுதினேன். அடுத்த நொடி அந்த நோட்டே இல்லை. மொத்தமாக அழித்துவிட்டார். அங்கே அழித்தால் என் கையிலும் போயிற்று, டப்ளினில் உன் கையிலும் போயிற்று. நான் கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், உன்னிடமிருந்து மெசேஜ் வருகிறது. அப்பா நோட் காணோம், சிங்க் பிரச்சினைன்னு நினைக்கிறேன், ஒரு தடவை லாக் அவுட் பண்ணி லாகின் பண்ணிப் பாரும்மா. அந்த நிமிஷம் நீ எதிரில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுத விரும்பவில்லை.

வீட்டில் ஆள் இல்லை. எங்கே இருப்பார் என்று தெரியாதா? முக்கு டீக்கடை பெஞ்சில் வைத்திலிங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். இவர் ஓட்டிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தானே, அதே வைத்திலிங்கம்தான். என்னைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அண்ணி, அண்ணனைத் திட்டாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், உள்ள போயிட்டா அவங்க சும்மா அனுப்ப மாட்டாங்க, நம்ம தர்மராஜ் போனான்ல, திரும்பி வந்தானா என்றான். தர்மராஜ் குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தான். அவன் கதையை வைத்துக்கொண்டு இவன் இதயத்துக்கு வைத்தியம் சொல்கிறான். டிக்கெட் கிழித்த கையால் என் வீட்டுக்காரர் ஆயுசையும் கிழிக்கப் பார்க்கிறியா என்று கேட்டேன். உங்க அப்பாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு கால் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார். துண்டை இழுத்தேன். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியவில்லை, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. எந்திரிங்க என்றேன். எழுந்தார். வீட்டுக்கு வருகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மூன்று இடத்தில் நின்றார். நிற்கிறபோதெல்லாம் ரோட்டோரத்துப் பருத்தியை வேடிக்கை பார்ப்பது போல ஒரு பாசாங்கு.

வீட்டில் வைத்துக் கேட்டேன், ஏங்க, டாக்டரை ஏமாத்தி யாருக்கு என்ன லாபம், சாகணும்னு ஆசையா என்று. அதற்குச் சொன்னார், டாக்டருக்காக யாரு மாத்துனா, அவங்களுக்கு நீ அனுப்புறதே எனக்குத் தெரியாது ஜெயா, பையன் பாத்துக்கிட்டு இருக்கான்ல, தெனம் பாக்குறான்ல, மூணு தலையாணின்னு பாத்தா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான், எங்கப்பன் சுவத்தப் புடிச்சிக்கிட்டு நடக்குறான்னு அவன் அங்க உக்காந்து படிக்கணுமா என்றார். நீ அந்த நோட்டில் சேர்ந்த நாளிலிருந்துதான் அவர் மாற்ற ஆரம்பித்திருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு எழுத்தைத் தொட்டதில்லை. பெரிய தியாகி. மகன் பயப்படக் கூடாது என்று நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகனோ பயப்படுவதற்குத் தயாராகவே இல்லை, கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லவர்களாக இருந்து நடுவில் என்னைக் கைம்பெண் ஆக்கியிருப்பீர்கள். அவரிடமும் இதையேதான் சொன்னேன். அழுதார். அழுகிற ஆம்பளையைப் பார்த்து இரக்கப்பட எனக்கு அப்போது நேரம் இல்லை, பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பஸ் ஓட்டினவன் படுத்துக்கிட்டுப் போக மாட்டேன் என்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டு ரஞ்சித்குமார் காரில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். பேச மூச்சு இல்லாத மனிதர் வழியெல்லாம் அவனுக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வருகிறார். பாடாலூர் தாண்டியதும் சொல்லிக் கொடுப்பது நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உதடு கறுத்துப் போய், கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். பின் சீட்டிலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தேன். திட்டிக்கொண்டேதான் வந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான். அழித்ததை எடுத்துப் பார்க்க ஒரு குப்பைத்தொட்டி உள்ளேயே இருக்கிறதாம், ரஞ்சித்குமார் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தான். என்ன பிரயோஜனம்? உங்க அப்பா மாற்றிய பொய்தான் பத்திரமாக எழுந்து வந்தது, நான் எழுதிய நிஜம் ஒரு வரி இல்லை. போனை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, அதை நம்பாதீங்கம்மா, நான் சொல்றேன் எழுதிக்குங்க என்றேன். எப்போது இரண்டாவது தலையணை கேட்டார், எப்போது மூன்றாவதற்கு என் தலையணையை உருவினார், எந்த வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்தே விடிய வைத்தார், செருப்பு எப்போது நுழையாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் படுக்கிறவளுக்கு இதற்கெல்லாம் ஆப் வேண்டுமா? அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்து, மாத்திரையை நான் குறைச்சிருக்கவே கூடாது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நுரையீரல் முழுக்கத் தண்ணி ஏறியிருக்கும்மா என்றார். ஐசியூவில் வைத்து ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். குடம் குடமாக இறங்கியது என்று வைத்துக்கொள். நாலைந்து நாளில் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. பத்து நாள் போல அங்கே இருந்துவிட்டுத்தான் வந்தோம்.

ஆமாம், உனக்குச் சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்காதே. ஐசியூ வாசலில் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நீ மெசேஜ் போட்டாய், நோட் இன்னும் வரலையேம்மா, எல்லாம் ஓகேவா என்று. போட்டதுதான் போட்டாய், பச்சைப் பட்டனை அழுத்திக் கூப்பிட்டிருந்தால் என் குரலைக் கேட்டே உனக்குத் தெரிந்திருக்கும். அழுத்தவில்லை. நானும் ஓகே என்று பதில் போட்டேன். அந்த ஓகேயைப் பார்த்து நீ திருப்தியாகக் கட்டைவிரல் போட்டாய். அம்சவள்ளி அத்தை செய்தி கேட்டு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ் ஏறிப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, அண்ணனுக்கு உப்புப் போட்ட முறுக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். உப்பு ஆகாது என்று சுவர் முழுக்க எழுதிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் பாசத்துக்குக் குறைவில்லை, மூளைக்குத்தான் பஞ்சம். முறுக்கை நர்ஸுகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அப்பா தேவலாம். மாடி ஏறக் கூடாது, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். சண்டை போட மூச்சு இருக்கிறதே, அதுவே போதும். அம்பிகா டீச்சருக்கு என் செலவில் வேறு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், மன்னிப்புக் கேட்கவில்லை. வைத்திலிங்கம் வாசல் வரைக்கும் வருகிறான், உள்ளே வரப் பயம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார்கள், மழை இன்னும் ஒன்று வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாள் உங்க அப்பாவே என்னைக் கூப்பிட்டு, புதுசா ஒண்ணு தொறந்து குடு, இனிமே நானே எழுதுறேன் என்றார். திறந்து கொடுத்தேன். காலையில் எடைக் கருவியில் ஏறி இறங்கி, கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டுகிறார். நேற்றைக்கு அரைக் கிலோ கூடியிருந்தது, கூடியதைக் கூடியது என்றே எழுதியிருந்தார். எழுத்துப் பிழையை நான் திருத்தவில்லை. உடனே திருச்சிக்கு அனுப்பினேன், மாத்திரையைக் கூட்டினார்கள், இன்று இறங்கியிருக்கிறது.

அந்தப் புது நோட்டில் உன்னைச் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டேன். உன் பெரிய படிப்பை வைத்து உள்ளே நுழைய வழி தேடாதே. வேலையை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம், அப்புறம் அவர் பட்ட பாட்டுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் ஒழுங்காகச் சொல்லிவிட்டு வா. வாரத்தில் இரண்டு நாள் போன் பண்ணு, மெசேஜ் இல்லை, போன். இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அங்கே காலையில் வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே, உங்கள் வம்சத்து இதயம் எப்படிப்பட்டது என்று இப்போது பார்த்தாய் அல்லவா, நீயும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி வைத்துக்கொள். நம் குலதெய்வம் அய்யனார் உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும், நீண்ட ஆயுசோடு, கொஞ்சம் புத்தியோடும் இரு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடம் அப்புறம் பேசலாம், முதலில் அப்பாவிடம் பேசு. எப்படி இருக்கீங்கப்பா என்று கேள். நல்லாருக்கேன்டா என்பார். அதோடு விட்டுவிடாதே. பேச்சை வேறு எங்கேயாவது கொண்டுபோய்விட்டு, மறுபடியும் ஒரு தடவை கேள். இரண்டாவது தடவை கேட்டால் உண்மையைச் சொல்லுவார்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் தீராத அம்மா,
கா. ஜெயசித்ரா.